கறிவேப்பிலைத் தொட்டியிலிருந்து தொடங்குங்கள்

மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996 வரை ஒரு பத்தி எழுதினார். யானைக்குக் கொடுத்த அதே அக்கறையை அணிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தவர் அவர். அடுக்குமாடியில் குடியிருக்கும் நமக்குத் தோட்டம் கிடையாது. பால்கனி இருக்கிறதே, அவரைப்போல் கவனிக்க அது போதும்.

முதலில் ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள். எலுமிச்சையும் சரிதான். பூச்சிமருந்து மட்டும் கூடாது. கொழுந்து இலைகளைத் தினமும் புரட்டிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சளில், உருண்டையாக ஒரு முட்டை தென்படும். அதிலிருந்து வரும் புழுவைப் பலர் காக்கை எச்சம் என்று தட்டிவிடுகிறார்கள். பழுப்பும் வெள்ளையுமாக அப்படியேதான் இருக்கும். பறவைகளை ஏமாற்றத்தான் அந்த வேடம். கடைசியாகத் தோலுரித்ததும் இலைப்பச்சைக்கு மாறிவிடும். அப்போது ஒரு ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரண்டாகப் பிளந்த கொம்பு ஒன்று நீளும். கூடவே ஒரு நெடி. எறும்பை விரட்டும் ஆயுதம் அது. ஒருமுறை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பச் சீண்ட வேண்டாம். இலை போகிறதே என்று கவலைப்படாதீர்கள், செடி மறுபடி துளிர்க்கும். பிறகு புழு இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். கறுப்பு இறக்கையில் வெள்ளைப் பொட்டு வரிசையோடு வெளியே வந்தால், அது காமன் மோர்மன் வண்ணத்துப்பூச்சி.

இடம் இருந்தால் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் சேர்த்துக்கொள்ளுங்கள். நந்தியாவட்டையில் நீலக் கண் போன்ற பொட்டுகளோடு விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு வரும். அது ஒரு பெரிய அந்திப்பூச்சியின் பிள்ளை. இட்லிப்பூவுக்குத் தேன்சிட்டு வரும். கொடிக்கயிற்றிலோ தொங்கும் ஒயரிலோ நாரும் சிலந்தி நூலும் சேர்த்து அது கூடு கட்டத் தொடங்கினால், குஞ்சுகள் பறக்கும்வரை துணியை வேறு இடத்தில் காயப்போடுங்கள்.

அடுத்தது, காது கொடுப்பது. காலை ஆறரைக்குக் காபியோடு அசையாமல் உட்காருங்கள். கோடையில் கூவுவது கறுப்பு ஆண்குயில். பெண்குயில் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். அது 'கிக் கிக்' என்று கத்தும். குயிலைக் காக்கைகள் துரத்தினால் பக்கத்து மரத்தில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

அகலமான மண்சட்டியில் இரண்டு அங்குலம் தண்ணீர் வையுங்கள். தினமும் கொட்டிக் கழுவி மாற்றாவிட்டால் டெங்குக் கொசு வளரும். புறாவுக்குத் தானியம் போடாதீர்கள். எச்சம் குவிந்தால் நுரையீரலுக்குக் கெடுதல்.

அக்டோபரில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. வடக்கிலிருந்து இரவில் பறந்துவரும் ஆறுமணிக்குருவி, களைத்தோ கண்ணாடியில் மோதியோ சென்னை வீடுகளுக்குள் வந்து விழுவது உண்டு. பச்சை முதுகு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலடியில் சிவப்பு, குட்டை வால். உடனே காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். துணியைப் போட்டு மெதுவாக எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்துவிட்டால் காக்கைகள் அடங்கும் அந்திநேரத்தில் மரம் அடர்ந்த இடத்தில் விடலாம். காயம் என்றால் வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

பார்த்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், எந்தச் செடி, என்ன செய்தது. பெயர் பிறகு தெரிந்தால் போதும். படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பால்கனியில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணி, ஈபேர்டு தளத்தில் பதிவு செய்தால் நீங்களும் அதில் சேர்ந்துவிடுவீர்கள். காக்கை, மைனா, புறா எதையும் விடாமல் எண்ணுங்கள். நம் பகுதியில் அவை கூடுகின்றனவா குறைகின்றனவா என்பது அந்தப் பட்டியல்களிலிருந்துதான் தெரியவரும்.