சினை மாதத்தைக் கணக்கிட்டுப் பாலை வற்றவிடுங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஆண்கள் தொழிற்சாலை வேலைக்குச் சென்றுவிட, கறவை மாட்டைப் பெண்களே கவனிக்கும் குடும்பங்கள் பல. சினை ஊசி போட்ட தேதி ஒருவருக்குத் தெரிந்திருக்கும். பால் கறப்பவருக்குத் தெரிந்திராது. சந்தையிலோ, எல்லை தாண்டிக் கர்நாடகக் கிராமங்களிலோ சினை மாடு வாங்குவோர், விற்பவர் சொல்லும் மாதத்தையே நம்ப வேண்டியுள்ளது. இக்கணக்குத் தவறினால் அடுத்த ஈற்றின் பால் குறையும்.

கணக்கிடும் முறை

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எருமைக்குச் சுமார் 310 நாட்கள். பசுவுக்கு ஊசி போட்ட தேதியுடன் 9 மாதமும் 7 நாளும் கூட்டினால், கன்று ஈனும் நாள் ஏறத்தாழக் கிடைக்கும். ஜனவரி 10-ல் ஊசி போட்டிருந்தால் அக்டோபர் 17-ஐ ஒட்டி ஈனும். ஒரு வாரம் முன்பின் ஆவது இயல்பே. பலமுறை ஊசி போட்டிருந்தால் கடைசித் தேதியையே கொள்ள வேண்டும்.

தேதி தெரியாவிட்டால்

21 நாளில் மீண்டும் பருவத்துக்கு வராததை மட்டும் வைத்துச் சினை என்று முடிவு செய்யக் கூடாது. சத்துக் குறைவாலும் கருப்பைக் கோளாறாலும் பருவம் தள்ளிப்போகும். ஊசி போட்ட 2 முதல் 3 மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் காட்டினால், ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்துச் சினையையும் மாதத்தையும் கூறுவார். பழக்கமில்லாதவர் இச்சோதனையைச் செய்தால் கரு கலைந்துவிடலாம். விலைக்கு வாங்கும் மாட்டையும் இவ்வாறு சோதித்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.

ஆறாம், ஏழாம் மாதத்தில் வலது அடிவயிற்றை மெல்ல அழுத்தினால் கன்று கையில் இடிபடும். கிடேரிக்கு ஐந்தாம் மாதம் முதலே மடி வளரத் தொடங்கும். பலமுறை ஈன்ற பசுவுக்குக் கடைசி இரண்டு, மூன்று வாரங்களில்தான் மடி பெருக்கும். ஆகவே மடியை மட்டும் பார்த்து மாதம் சொல்ல முடியாது.

வற்றவிடும் காலம்

ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன் பாலை வற்றவிட வேண்டும். மேற்கூறிய பசுவுக்கு இது ஆகஸ்ட் 17 வாக்கில் வரும். வயிற்றுக் கன்று வேகமாக வளர்வதும், மடி அடுத்த ஈற்றுக்குத் தயாராவதும் இந்த இரண்டு மாதங்களில்தான். அப்போது 1 முதல் 1.5 கிலோ கலப்புத் தீவனம் கூடுதலாகக் கொடுக்கவும்.

வாலின் அடியில் இருபுறமும் குழி விழுந்தால் ஈனும் நேரம் நெருங்கிவிட்டது. கணக்கிட்ட நாளைத் தாண்டிப் பத்து நாளாகியும் ஈனாவிட்டால் மருத்துவரை அழைக்கவும்.

ஊசி போட்ட அன்றே தேதியைக் கொட்டகைச் சுவரில், வீட்டார் அனைவரும் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்கவும்.