யோர்தான் துறையும் பவானித் துறையும்

துறை என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள் தரும். மக்கள் ஆற்றில் இறங்கி நீராடும் இடமுந் துறை; அக்கரை செல்வோர் ஆற்றைக் கடக்கும் இடமுந் துறை. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய ஓரிடத்தைச் சென்ற விடுமுறையில் யாம் காணப்பெற்றோம். அஃது இயேசு பெருமான் யோவானிடம் ஞானஸ்நானம் பெற்ற இடமெனப் போற்றப்படும் யோர்தான் துறையாகும்.

யோவான் சுவிசேஷத்தின் முதல் அதிகாரம் அவ்விடத்தைப் பெத்தாபரா என்கின்றது. பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றிற் பெத்தானியா என்றிருப்பினும், மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகன் பெத்தாபரா என்பதே தக்கதெனக் கொண்டார். கடக்குமிடத்து வீடு என்பது அதன் பொருள். யோசுவாவும், பின்னர் எலியாவும் எலிசாவும் யோர்தானைக் கடந்தது எரிகோவுக்கு எதிரேயுள்ள இப்பகுதியிலேயாம். அராபியரோ அவ்விடத்தை அல்-மக்தாஸ் என்பர். முழுகுமிடம் என்பது பொருள். அங்கு இரு பெயர்கள் தனித்தனியே உணர்த்தும் பொருளைத் தமிழில் ஒரு சொல்லே அடக்கி நிற்கின்றது.

இத்துறை சாக்கடலுக்கு வடக்கே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய ஜோர்தான் நாட்டிற்குரிய கிழக்குக் கரையில் உளது. 1994-ஆம் ஆண்டின் சமாதான உடன்படிக்கைக்குப் பின் நடந்த அகழாய்வில் பண்டைத் தேவாலயங்களின் அடிப்படைகளும் முழுக்குத் தொட்டிகளும் வெளிப்பட்டன. 2015-ல் இஃது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

எம்முடன் எம் அம்மாயியும் வந்திருந்தார். இளமையில் எம்மூராகிய மேட்டுப்பாளையத்திற் பவானியாற்றில் முழுக்குப் பெற்றவர் அவர். யோர்தானிலும் ஒருமுறை முழுக்குப் பெறவேண்டும் என்பதே அவர்தம் நெடுநாள் ஆசை. படித்துறையில் இறங்கியவுடன் அவர் திகைத்து நின்றார். கலங்கிய நீர், சில கெஜ அகலமே, எதிர்க்கரையில் வேற்று நாட்டு யாத்திரிகர் பேசுவதும் எம் செவிக்கு எட்டியது.

“நம்ம பவானி இதைக்காட்டிலும் பெருசாச்சே, கண்ணு!” என்றார் அம்மாயி.

யோர்தான் பண்டு இவ்வாறு இருந்திலது. கலிலேயாக் கடலினின்று அது வெளிப்படும் இடத்தில் 1932-ல் அணை கட்டினர். 1964 முதல் இஸ்ரேல் பெருங்கால்வாய் வழியே அக்கடல் நீரைத் தென்னிலத்திற்குக் கொண்டு சென்றது. துணையாறாகிய யார்மூக்கின் நீரைச் சீரியாவும் ஜோர்தானும் தடுத்தெடுத்தன. பழைய நீரோட்டத்திற் பத்திலொரு பங்குகூட இன்று எஞ்சவில்லை.

அம்மாயி தம் விருப்பத்தைப் போதகரிடங் கூறினார். அவரோ, ஞானஸ்நானம் ஒன்றே, அதனை இருமுறை பெறுதல் இல்லை என்று அன்புடன் மறுத்தார். அம்மாயி எம்மை நோக்கி, “அப்ப, அங்க முங்குனதே போதுமா, கண்ணு?” என்று வினவினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. தமிழ் கற்கும் எமக்கு அந்நேரம் விடை சொல்ல ஒரு சொல்லும் வாய்க்கவில்லை.

தங்குமிடம் திரும்பியபின் சிந்தித்தோம். சீரியப் படைத்தலைவனாகிய நாகமானும் யோர்தானைக் கண்டு, தன் ஊராகிய தமஸ்குவின் ஆறுகள் இதனினும் சிறந்தவையல்லவோ என்று சினந்தான். எனினும், கீழ்ப்படிந்து முழுகியபோதே குணமடைந்தான். ஏறத்தாழ 200-ஆம் ஆண்டில் ஞானஸ்நானத்தைக் குறித்து நூலெழுதிய கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன், யோவானால் யோர்தானில் முழுக்குப் பெற்றோர்க்கும் பேதுருவால் ரோமாபுரியின் திபேர் நதியில் முழுக்குப் பெற்றோர்க்கும் வேற்றுமை யாதும் இல்லை எனத் துணிந்துரைத்தார். திபேருக்கு அமைந்த தகுதி பவானிக்கு அமையாதோ? இவற்றை எடுத்துரைக்க, அம்மாயி நெடுநேரம் மௌனமாயிருந்து, பின் முறுவலித்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை அம்மாயி எம்மைப் பவானிக் கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு பாறையைச் சுட்டி, “இங்கதான், கண்ணு” என்றார். பிறந்தது முதல் யாம் கண்டும் அறியாத துறை அது. அதனருகே எவரோ எறிந்த குப்பை மிதந்துகொண்டிருந்தது. யாம் இறங்கி அதனை அகற்றினோம்.

அன்பர்காள்! புண்ணியத் துறைகளைக் காணச் சேய்மை நாடு செல்லுதல் நன்றே. சென்று மீண்டவன் தன்னூர்த் துறையைப் புதிய கண்கொண்டு நோக்கித் தூய்மையுறக் காப்பானாயின், அதுவே அவ்யாத்திரையின் பயன் என்க.