பழைய ஊராட்சி அலுவலகத்தைப் புதுப்பித்தல்

1958-ஆம் ஆண்டின் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்த காலத்தில், நம் சிற்றூர்கள் பலவற்றில் ஊராட்சி மன்றத்திற்கெனக் கட்டடங்கள் எழுந்தன. சிமெண்டு எளிதிற் கிடைக்காத காலம் அது. அதன்மீதிருந்த அரசாங்கக் கட்டுப்பாடு 1982-ஆம் ஆண்டில்தான் ஓரளவு தளர்ந்தது. ஆகவே செங்கல், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்திரம், ஓடு ஆகியவற்றைக் கொண்டே அக்காலக் கட்டடங்கள் பல உருவாயின. இன்று ஊராட்சி மன்றங்கள் பல புதுக் கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பழைய கட்டடமோ பூட்டிக் கிடக்கிறது.

மற்றொரு புறம், ஊரிற் புதிய நிறுவனங்கள் இடந்தேடி நிற்கின்றன. 1989-ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழு இயக்கம் மாநிலமெங்கும் பரவி, ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளாக வளர்ந்துள்ளது. அவற்றிற்குக் கூட்டம் கூட இடம் வேண்டும். கணக்கேடுகளை வைக்க அறை வேண்டும். பூட்டிய கட்டடத்தை அவர்கட்கு அளிக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. அப்பொழுது, இடிப்பதா, செப்பனிடுவதா, செப்பனிட்டால் எதை முதலிற் செய்வது என்னும் வினாக்கள் நம்முன் நிற்கின்றன. இவற்றிற்கு விடை காணுமுன் மதிப்பீடு எழுதுவது, நோயறியாமல் மருந்தெழுதுவதை ஒக்கும்.

முதலில் சோதனை

கட்டடத்தை இருமுறை பார்த்தல் வேண்டும். வெயிலில் ஒருமுறை, மழையில் ஒருமுறை. வெயிலில் விரிசல் தெரியும். மழையில் நீர் வரும் வழி தெரியும். விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலாற் கோடிட்டுத் தேதி குறிக்க வேண்டும். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றைச் சாந்தால் ஒட்டி வைப்பதும் நல்ல முறையே. ஒரு பருவம் கழிந்தும் விரிசல் கோட்டைத் தாண்டாமலும் கண்ணாடி உடையாமலும் இருப்பின், அது பழைய அசைவின் தழும்பெனக் கொண்டு சாந்திட்டு மூடலாம். கண்ணாடி உடையுமாயின் சுவர் இன்னும் அசைகிறது என்று அஞ்ச இடமுண்டு. அதன் காரணத்தைப் பொறியாளர் கண்டறியும்வரை பூச்சு வேலையைத் தொடங்கலாகாது.

உத்திரங்கள் நடுவில் திடமாய்த் தோன்றினும், சுவருக்குள் புதைந்த முனைகளில் ஓதத்தாலும் கறையானாலும் உளுத்திருத்தல் கூடும். அம்முனைகளைத் தட்டி ஓசை கேட்பதோடு, கூரிய கம்பியாற் குத்தியும் பார்த்தல் வேண்டும். கம்பி எளிதில் உட்சென்றால் அம்மரத்தை நம்பலாகாது.

2021-ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். பொதுக் கட்டடத்தைச் சோதியாமல் விடுவது எத்தகைய துயரில் முடியும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. சுவர் நேர்மட்டம் பிறழ்ந்து சாய்ந்திருப்பினும், அடித்தளம் ஓய்வின்றி அமர்ந்துகொண்டிருப்பினும், உத்திரங்களிற் பெரும்பாலானவை உளுத்திருப்பினும் பொறியாளரின் எழுத்துமூலமான கருத்தைப் பெற்று இடித்துவிடுதலே முறை. இக்குறைகள் இல்லாத கட்டடத்தைப் பழையது என்ற ஒரே காரணத்திற்காக இடிப்பது, பொதுப்பணத்தை மண்ணில் கொட்டுவதாகும்.

நீரே முதற்பகை

பழைய கட்டடங்களிற் சுவரின் கீழ்ப்பகுதி உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வதைப் பலரும் கண்டிருக்கலாம். இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் கட்டடத்திற்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு முறை தெருவைச் செப்பனிடும்போதும் பழைய சாலைமீதே புதுச்சாலை இடப்படுகிறது. ஆண்டுகள் பல செல்லத் தெரு உயர்ந்து, கட்டடத்தின் தரை பள்ளமாகிறது. மழைநீர் சுவரடியிலேயே தேங்குகிறது. செங்கல் அந்நீரை உறிஞ்சி மேலேற்றுகிறது.

இந்நிலையில் உதிர்ந்த பூச்சை அகற்றிவிட்டுச் சிமெண்டுப் பூச்சுப் பூசி, பளபளப்பான வண்ணம் அடித்து, திறப்பு விழா நடத்துவது எளிது. ஆனால் பயன் நீடிப்பதில்லை. சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியேறி உலரும். சிமெண்டுப் பூச்சு அவ்வழியைப் பெரிதும் அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கி மேலும் உயர ஏறுகிறது. சில மழைக்காலங்களுக்குள் வண்ணம் கொப்புளித்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது. ஆதலின் முதலிற் சுவரைச் சுற்றியுள்ள மண்ணைத் தாழ்த்தி, வெளிப்புறம் சரிவாக்கி, வடிகால் அமைத்தல் வேண்டும். சுவர் நன்கு உலர்ந்த பின் சுண்ணாம்புச் சாந்தாலேயே பூசி, சுண்ணாம்பாலேயே வெள்ளையடித்தல் நலம். சுண்ணாம்பு வேலையறிந்த முதிய கொத்தனார் அருகிலுள்ள ஊரில் இருப்பாராயின், அவருடன் இளைஞர் இருவரைச் சேர்த்து வேலை வாங்குவது, கைத்தொழிலும் அழியாமற் காக்கும் வழியாகும்.

கூரையின் பாரம்

மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் தளத்தில், உத்திரக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாந்திட்டு அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருப்பர். ஒழுக்குக் கண்ட ஒவ்வொரு முறையும் புதிதாய் ஓர் அடுக்குச் சாந்திடும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். 10 சென்டிமீட்டர் கனமுள்ள ஜல்லித் தளம் சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேற்பட்ட எடை உடையது. எனவே சேர்த்த அடுக்குகளை அகற்றி, தட்டோடுகளின் இணைப்புகளைச் செப்பனிட்டு, நீர் வெளியேறும் வாய்களைத் திறந்துவிடுதலே தக்கது. புதுக் கழிப்பறைக்கெனத் தண்ணீர்த் தொட்டியை இத்தளத்தின்மேல் ஏற்றுதலும் கூடாது. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை மட்டும் 1,000 கிலோ. தொட்டியைத் தனித் தூண்களின்மேல் அமைக்க வேண்டும்.

மின்சாரமும் வண்ணமும்

மரச்சட்டங்களின்மேல் ஓடும் பழைய மின்கம்பிகளின் ரப்பர் உறை காலப்போக்கில் வெடித்து உதிரும். அவற்றை முழுதும் மாற்றி, முறையான நில இணைப்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் அமைத்தல் வேண்டும். கணினிகளுக்குத் தனி இணைப்புத் தருவது நன்று. கதவு, சன்னல்களின் பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையிற் சுரண்டினால் எழும் தூசி குழந்தைகட்குப் பெருந்தீங்கு. நனைத்தே தேய்க்க வேண்டும். புதுவண்ணத்தில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்பது 2016-ஆம் ஆண்டின் விதி.

குடிவருவோரைக் கேட்டறிதல்

வரைபடம் முடிவாகுமுன் கூட்டமைப்பின் மகளிரைக் கட்டடத்திற்கே அழைத்துச் சென்று, அவர்கள் தேவையைக் கேட்டறிதல் வேண்டும். தலைவருக்கென ஒருவர் அமரும் தனியறை அவர்கட்குப் பெரிதன்று. முப்பது பேர் வட்டமாய்த் தரையிலமரும் கூடம், பூட்டத்தக்க இரும்பு அலமாரி, தண்ணீர் வசதியும் உட்தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை, மாலைக் கூட்டத்திற்கு நல்ல வெளிச்சம் ஆகியவையே பயன் தருவன. பாரந்தாங்காத தடுப்புச் சுவரை நீக்கினால் இரு சிற்றறைகள் ஒரு கூடமாகலாம். எச்சுவர் பாரந்தாங்குவது, எது வெறுந்தடுப்பு என்பதைப் பொறியாளரே சொல்ல வேண்டும்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி பொதுக் கட்டடங்கள் அவர்கள் அணுகத்தக்கனவாய் இருத்தல் வேண்டும். சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1 என்பது கணக்கு. தரை 45 சென்டிமீட்டர் உயரமாயின் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லையென்று இரண்டு மீட்டரிற் செங்குத்தாய் அமைப்பது, சக்கர நாற்காலியில் வருவோருக்குப் பயன்படாததோடு விபத்திற்கும் இடமாகும். முன்புறம் இடம் போதாதெனில் பக்கவாட்டிலோ, இடையில் ஒரு மேடை வைத்துத் திருப்பியோ அமைக்கலாம்.

வேலையின் வரிசை

முதலிற் பழைய பதிவேடுகளைப் பட்டியலிட்டுப் பாதுகாப்பான இடத்திற்கு மாற்றுக. அடுத்து வடிகால், பின்னர்க் கூரை, அதன்பின் சுவர், மின்சாரம், தரை, இறுதியில் வண்ணம். நிதி குறைவாயின் இவ்வரிசையின் கடைசியிலிருந்தே குறைத்தல் வேண்டும். வண்ணமின்றிக் கட்டடம் ஓராண்டு காத்திருக்கும். வடிகாலின்றி ஒரு மழைக்கும் காத்திராது.

மதிப்பீட்டைக் கிராம சபையில் படித்துக் காட்டுக. எந்த வேலைக்கு எவ்வளவு, ஏன் அது முதலில் என்பதை மக்கள் அறிந்தால், வேலை நடக்கும்போது அவர்களே மேற்பார்வையாளர் ஆவர். ஆண்டுதோறும் மழைக்கு முன் நீர்வாய்களைத் துப்புரவு செய்யும் பொறுப்பையும், அதற்குரிய சிறு தொகையையும் ஒப்படைப்பு ஆவணத்திலேயே எழுதிவிடுதல் நன்று. ஊரார் உழைப்பும் வரிப்பணமும் சேர்ந்து எழுந்த கட்டடங்கள் இவை. தக்க முறையிற் பேணின், குடிவரும் மகளிர்க்கும் அவர்க்குப் பின் வருவோர்க்கும் அவை நெடுங்காலம் நிழல் தரும்.