முதுமை மறதியும் பருவத்தின் கொடுமையும்

தமிழ்ப் பெருமக்கள் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, மாந்தர் உள்ளத்தின் இயல்பினைப் பருவத்தோடு இயைத்துக் கண்டனர். வேனிலும் பனியும் உள்ளத்தை வருத்துதலை இலக்கியங்களிற் கற்கும் நாம், அவை முதியோரின் உயிரையே கவருமாற்றினையும் அறிதல் கடனாகும். அம்முதியோருள்ளும் மறதிநோயால் அறிவு தளர்ந்தார்க்குக் கடுவெயிலும் கடுங்குளிரும் பிறரினும் மிக்க இடர் விளைப்பன. அதன் காரணங்களையும் காக்கும் வழிகளையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

மூப்பினால் வரும் சிறுமறதி வேறு, மறதிநோய் வேறு. பின்னது மூளை சிதைவுறுதலால் நினைவும், மொழியும், நன்று தீது தேரும் ஆற்றலும் படிப்படியாகக் குன்றும் நிலையாம். ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்து விளக்கிய நோயே இதன் வகைகளுள் மிகப் பரவியது. நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேர் மறதிநோயுற்றவர் என 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. நூற்றுக்கு எழுவர்க்கும் சிறிது மிகுதி என்க.

மனித உடல் தன் வெப்பத்தை ஏறத்தாழ 37 செல்சியஸ் பாகையில் நிறுத்திக்கொள்கின்றது. இது இருவகையால் நிகழும். வியர்த்தல், நடுங்குதல், தோலின் குருதிக் குழாய்கள் விரிதல் சுருங்குதல் என்பன தாமே நிகழ்வன. நீர் பருகுதல், நிழல் நாடுதல், போர்வை கொள்ளுதல் என்பன நாம் அறிந்து செய்வன. மூப்பினால் முன்னவை தளர்கின்றன, தாகவுணர்வும் குறைகின்றது. மறதிநோயோ பின்னவற்றையும் பறித்துவிடுகின்றது. நோயாளர் வெயிலை வெயிலென்று உணரார். உணர்ந்தாலும் சொல்ல அறியார். இன்னும், மனக்கலக்கத்திற்கெனவும் நீர்ப்பைத் தளர்ச்சிக்கெனவும் அளிக்கப்பெறும் மருந்துகளுட் சில வியர்வையைக் குறைப்பன. வேறு சில மருந்துகள் உடலின் நீரை மிகுதியாக வெளியேற்றுவன. இங்ஙனம் மூன்று அரண்களும் ஒருங்கே அழிந்தவிடத்துப் பகை எளிதிற் புகுதல் இயல்பன்றோ?

இதனை யாம் நூல்வழி மட்டும் அறிந்தோமல்லேம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை அடுத்த இராயகிரி எம் உறவினர் ஊர். இளவேனிற்கு உரியவெனச் சொல்லப்பெறும் சித்திரையும் வைகாசியுமே அங்குக் கொடிய வெயிற்காலம். ஆனி பிறந்து மேல்காற்று வீசினாலன்றி வெம்மை தணியாது. அவ்வூரில் மறதிநோயுற்ற மூதாட்டியார் ஒருவர், சித்திரை நண்பகலில் தகரக் கூரையின்கீழ்க் கம்பளி போர்த்து அமர்ந்திருந்தார். நீர் வேண்டுமோ என வினவியபோது, குடித்தாயிற்று என்றார். யாமும் நம்பினேம். மாலையில் பிதற்றலும் மயக்கமும் மிக்கன. நோயின் இயல்பென்றே வீட்டார் எண்ணியிருந்தனர். மறுநாள் உயிர் நீங்கிற்று. வயது முதிர்ந்தது, போயினார் என்றனர் ஊரார். வெயிலின் பெயரை எவரும் கூறிற்றிலர்.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வெப்பத் தாக்குதலின் முதன்மையான அறிகுறி மனக்குழப்பம். மறதிநோயாளரிடத்து அக்குழப்பம் முன்னரே உள்ளமையின், புதியது பழையதனுள் மறைந்துவிடுகின்றது. ஆதலின் நேற்றில்லாத பிதற்றலும் சோர்வும் இன்று திடீரெனத் தோன்றின், அதனை நோயின் வளர்ச்சி எனக் கொள்ளாது ஆபத்து எனக் கொள்ளல் வேண்டும்.

பிற நாட்டுச் செய்திகளும் இதனை வலியுறுத்துவன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2021-ஆம் ஆண்டின் கோடையில் வெப்பத்தால் இறந்தார் 619 பேர். அவருள் நூற்றுக்கு 98 பேர் தாக்குண்டது வீட்டினுள்ளேயாம். பாதிக்கு மேற்பட்டார் தனித்து வாழ்ந்தவர். வெயில் வெளியிற் செல்வாரையே கொல்லும் என்னும் எண்ணம் பிழையென்பது இதனாற் பெறப்படும். இங்கிலாந்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு, வெப்பம் 17 பாகைக்குமேல் ஒவ்வொரு பாகை உயருந்தோறும் மறதிநோயாளர் மருத்துவமனை புகுதல் நூற்றுக்கு 4.5 விழுக்காடு மிகுகின்றதெனக் காட்டிற்று. நம் நாட்டில் அகமதாபாத் நகரம் 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில், வழக்கத்தினும் 1,344 இறப்புக்களை மிகுதியாகக் கண்டு, 2013-இல் வெப்பக் காப்புத் திட்டம் வகுத்தது.

குளிரும் எளிய பகையன்று. முதிர்ந்த தாவீதரசர் எத்துணைத் துணி போர்த்தும் அனல் கொள்ளாதிருந்தமையைத் திருமறை கூறுகின்றது. குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்கக் குருதியழுத்தம் உயரும். இதயமும் மூளையும் தாக்குறும். நுரையீரற் காய்ச்சலும் எளிதிற் பற்றும். உலகளவில் ஒவ்வாத தட்பவெப்பத்தோடு தொடர்புடைய இறப்புக்களுள் பெரும்பகுதி குளிரைச் சார்ந்ததே என 2021-ஆம் ஆண்டின் பேராய்வொன்று கண்டது. நம் சமவெளியில் குளிர் மென்மையதாயினும், மார்கழி, தைத் திங்களின் விடியற்பொழுதில் நோயாளர் மேலாடையின்றி வெளியேறித் திரிதல் உண்டு; உதகைபோலும் மலையூர்களில் அஃது உயிர்க்கே இறுதியாம்.

காக்கும் வழிகள் அரியனவல்ல. வேண்டுமோ என வினவாது, நாழிகை தவறாமல் நீரோ மோரோ நீராகாரமோ கையிற் கொடுத்துப் பருகுவித்தல் வேண்டும். இதய, சிறுநீரக நோயுடையார்க்கு அளவினை மருத்துவர் உரைக்க. நண்பகலில் தகரக் கூரையின்கீழ் இருத்தாது காற்றோட்டமுள்ள நிழலில் இருத்துக. ஆடை பருவத்திற்கு ஏற்றதோ என நாள்தோறும் நோக்குக. மருந்துகளைத் தாமே நிறுத்தாது, கோடை வருமுன் மருத்துவரைக் கலந்துகொள்க. உடல் கொதித்து அறிவு மயங்கின், ஈரத்துணியால் உடலை நனைத்து விசிறி, 108 வண்டியை அழைக்க. மயங்கினார் வாயில் நீர் ஊற்றற்க. வீட்டார் வயலுக்குச் செல்லும் நாளில் அண்டை வீட்டார் ஒருமுறை எட்டிப் பார்த்தலும் பேருதவியாம்.

தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தார் குடும்பத்திற்கு 4 இலட்சம் ரூபாய் உதவி வகுத்தது. நன்று. ஆயினும், வெயிலால் இறந்தாரை வயதால் இறந்தாரென எழுதுங்காறும் அவ்வுதவியும் எய்தாது, படிப்பினையும் எய்தாது. தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் அவர் நம்மை அறியும் நாளளவில் முடிவதன்று. அவர் நம் பெயரை மறந்த பின்னரும் அவர்தம் தாகத்தை நாம் நினைந்திருத்தலே அக்கற்பனையின் நிறைவாகும்.