மலைப்பக்கம், கடல்பக்கம்: பாலிக் கோயில்களில் ஒரு நாள்

பாலித் தீவுக்குச் சென்று வந்த நண்பர்கள் அனைவரும் ஒரே படத்தைத்தான் காட்டுகின்றனர். கடலுக்குள் ஒரு பாறை, பாறையின் மேல் ஒரு கோயில், அதன் பின்னால் மறையும் சூரியன். சென்ற பருவ விடுமுறையில் நாங்கள் ஐவர் அங்குச் சென்றபோது நானும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டேன். ஆனால், அந்த ஒரு நாள் பயணத்தில் எனக்குக் கிடைத்தது அந்தப் படத்தில் இல்லை. வழிகாட்டியின் வாயிலிருந்து தற்செயலாக வந்த ஒரு சொல்லில் அது இருந்தது. தமிழ் படிக்கும் நமக்கு அச்சொல் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது காலை எட்டு மணிக்குக் கிளம்பி அந்தி நேரத்தில் தானா லோட் கோயிலில் முடியும் வழக்கமான சுற்றுலா. மெங்வி, பெடுகுல், ஜாத்திலுவி, தானா லோட் என்பது வேன் வைத்திருக்கும் யாரும் அங்கு விற்கும் பாதைதான். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே. பாலி மொழியில் அண்ணனைப் ‘பிளி’ என்பர். நாங்களும் அவரைப் பிளி என்றே அழைத்தோம். அவர் பேசிய இந்தோனேசிய மொழி, இடைநிலைப்பள்ளியில் நாங்கள் படித்த மலாய்க்கு அதிகத் தூரத்தில் இல்லை.

முதலில் மெங்வியில் உள்ள தாமான் ஆயுன் கோயில். மெங்வி அரச குடும்பத்தினர் 1634-இல் எழுப்பியது. சுற்றிலும் அகழி, நடுவில் தாழ்வான மதில், மதிலுக்கு உள்ளே கருப்பு ஈச்ச நார் போல் தோன்றும் கூரைகள் அடுக்கடுக்காக எழுகின்றன. அவற்றை மேரு என்கின்றனர். அடுக்குகள் எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்கும். மிகுதியாகப் பதினொன்று வரை போகும். வழிபட வராதவர்களுக்கு உள்முற்றத்தில் அனுமதி இல்லை. மதிலைச் சுற்றி நடந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். நம் ஊர்க் கோயில்களில் மூலவருக்கு அருகில் போக முண்டியடித்துப் பழகிய எங்களுக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

அங்கே என் தோழியைப் படமெடுத்த பிளி, “கொஞ்சம் கெலோட் தள்ளி நில்லுங்கள்” என்றார். அவள் இடப்பக்கம் நகர்ந்தாள். அவர் தலையசைத்தார். வலப்பக்கம் நகர்ந்தாள். பிறகுதான் அவரே சிரித்துவிட்டு விளக்கினார். கெலோட் என்றால் கடல்பக்கம். அதற்கு எதிர்ப்புறம் காஜா, அதாவது மலைப்பக்கம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து கடல் கண்ணுக்குத் தெரியவே இல்லை. ஆனால், பாலிக்காரர் எந்த அறைக்குள் இருந்தாலும் கடல் எப்பக்கம், மலை எப்பக்கம் என்பதை அறிந்தே இருப்பார். நாற்காலியை நகர்த்தச் சொல்வதற்கும் அதே சொற்கள்தாம். கோயிலின் வாசல் கடல்பக்கம், மிகப் புனிதமான முற்றம் மலைப்பக்கம். ஊரின் தொடக்கக் கோயில் மலைப்பக்கம், சுடுகாட்டை ஒட்டிய கோயில் கடல்பக்கம். படுக்கும்போது தலை மலையை நோக்கி இருக்க வேண்டும். கால் அப்பக்கம் நீளக்கூடாது.

“அப்படியென்றால் காஜா என்பது வடக்குத்தானே?” என்று நான் கேட்டேன். எங்களுக்கு அப்போது மலை வடக்கே இருந்தது. அவர் மறுத்தார். தம் மனைவியின் ஊர் தீவின் வடகரையில் உள்ள சிங்கராஜா என்றும், அங்கே மலை தெற்கே இருப்பதால் காஜாவும் தெற்கே போய்விடும் என்றும் சொன்னார். திருமணமான புதிதில் மாமியார் வீட்டில் பழக்கதோஷத்தில் வடக்கே தலைவைத்துப் படுத்துவிட்டாராம். மாமியார் இரவில் எதுவும் சொல்லவில்லை. காலையில் மனைவிதான் சொன்னாராம்.

வேனில் ஏறிய பிறகு எனக்குக் ‘கிழக்கு’ என்ற நம் சொல் நினைவுக்கு வந்தது. அதன் வேர் கீழ். மேற்கின் வேர் மேல். தமிழ்நாட்டின் நில அமைப்பை மனத்தில் கொண்டு பார்த்தால் இது விளங்கும். மேற்கே தொடர்ச்சி மலை, கிழக்கே கடல். ஆறுகள் மேலிருந்து கீழே, அதாவது மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. மதுரையிலும் தஞ்சையிலும் கீழவாசல் என்றால் கிழக்கு வாசல். ஊர்களில் மேலத்தெரு என்றால் மேற்குத்தெரு. குணக்கு, குடக்கு என்று வேறு பெயர்கள் இருந்தும், நிலைத்து நின்றவை இந்தச் சரிவுச் சொற்கள்தாம். ஆக, காஜாவும் கெலோடும் நமக்கு அந்நியமானவை அல்ல. நாமும் ஒரு காலத்தில் நீர் ஓடும் வழியைப் பார்த்துத்தான் திசை சொல்லியிருக்கிறோம்.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. பாலிச் சொல் மலையோடு சேர்ந்து இடம் மாறுகிறது; நம் சொல் ஓரிடத்தில் உறைந்துவிட்டது. கேரளத்தில் மலை கிழக்கே உயர்ந்து நிற்க, அங்கும் அத்திசைக்குக் ‘கிழக்கு’ என்றே பெயர். இங்கே தாப்பாவில் நின்று பாருங்கள். கேமரன் மலை கிழக்குப் பக்கம்தான் எழுகிறது. ‘கீழ்’ என்று பொருள்படும் சொல்லால் நாம் மலையைச் சுட்டுகிறோம்! தமிழ்ப்பள்ளியில் நான்கு திசைகளையும் பாட்டுப்போல் ஒப்புவித்த எனக்கு இது இருபத்திரண்டு வயதில், அயல்நாட்டில், வேனின் பின்னிருக்கையில் தோன்றியது. எங்கள் லெம்பா பெர்த்தாமில் அன்றாடப் பேச்சில் திசைப்பெயர்கள் அதிகம் வருவதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. ‘மேலே’ என்றால் தானா ராத்தா, ‘கீழே’ என்றால் தாப்பா. கீழே போவதற்கு முதலில் ரிங்லெட்டுக்கு மேலே ஏற வேண்டும் என்பது வேறு கதை.

பெடுகுலை அடைந்ததும் எனக்கு ஊருக்குத் திரும்பிவிட்டது போன்ற உணர்வு. ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம்; குளிர், மூடுபனி, கோசு, கேரட், சாலையோரத்தில் ஸ்ட்ராபெரி. நண்பர்கள் குளிர்ச்சட்டை தேட, நான் விலை விசாரித்துக்கொண்டிருந்தேன். பெராத்தான் ஏரியின் கரையில் நீருக்குள் நிற்பது உலுன் டானு கோயில். 2005-இல் வெளியான ஐம்பதாயிரம் ரூப்பியா தாளின் பின்புறத்தில் இருப்பது இதுதான். இதுவும் பதினேழாம் நூற்றாண்டில் மெங்வி அரசு எழுப்பியதாகவே சொல்லப்படுகிறது. ஏரித் தாயான தேவி டானு இங்கு வணங்கப்படுகிறாள். வளாகத்திலேயே ஒரு புத்தத் தூபி உண்டு. எதிரே குன்றின்மேல் ஒரு பள்ளிவாசல்.

அந்தப் பெயரைச் சற்று நின்று படிக்க வேண்டும். டானு என்பது ஏரி, மலாயில் டானாவ். உலுன் என்பதில் உள்ள உலு, மலாயில் நாம் அறிந்த ஹுலு. உலு சிலாங்கூர், உலு லங்காட் எனப் பெயர்ப் பலகைகளில் நாள்தோறும் காண்கிறோம். ஆற்றின் மேற்பகுதி என்பது அதன் பொருள். அரண்மனை மலாயில் அதே சொல் தலையையும் குறிக்கும். இனித் தமிழுக்கு வருவோம். வாய்க்காலில் முதலில் நீர் பாயும் இடத்திற்குத் தலைமடை என்றும், கடைசியில் பாயும் இடத்திற்குக் கடைமடை என்றும் பெயர். காவிரி நீர் கடைமடையை எட்டியதா என்பது தமிழ்நாட்டு நாளேடுகளில் ஆண்டுதோறும் வரும் செய்தி. நீர் தொடங்கும் இடத்தைத் தலை என்று அழைக்க இரு மொழிகளும் தனித்தனியே முடிவு செய்திருக்கின்றன. பாலியில் வயலின் தலைப்பகுதியில் உள்ள சிறு கோயிலுக்குக்கூட உலுன் சாரிக், அதாவது வயல்தலை என்றே பெயர்.

இக்கோயில்கள் பக்திக்கு மட்டும் உரியவை அல்ல. பாலி உழவர்கள் சுபாக் என்னும் நீர்ச் சங்கங்களாகச் சேர்ந்திருக்கின்றனர். பதினொன்றாம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இச்சொல் காணப்படுகிறது. ஒரே நீரைக் குடிக்கும் வயல்காரர்கள் எந்த ஊராராயினும் ஒரே சுபாக். ஒரே ஆற்றைப் பகிரும் சுபாக்குகள் மேலேயுள்ள ஒரு கோயிலில் கூடி, யார் எப்போது நடுவது, யார் எப்போது வயலைக் காயவிடுவது என்று முடிவு செய்கின்றனர். இங்கே ஒரு கேள்வி எழும். தலைமடைக்காரன் ஏன் கூட்டத்திற்கு வர வேண்டும்? நீர் அவனிடம்தானே முதலில் வருகிறது?

அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் பல்லாண்டுகள் அங்குத் தங்கி ஆராய்ந்து இதற்கு விடை கண்டார். அவருடைய நூல் 1991-இல் வெளிவந்தது. கடைமடைக்காரனுக்குப் பயம் நீர் வராது என்பது. தலைமடைக்காரனுக்குப் பயம் பூச்சி. அண்டை வயல்கள் வெவ்வேறு நாளில் நட்டால், ஒரு வயலில் அறுவடை முடிந்ததும் எலியும் தத்துப்பூச்சியும் அடுத்த வயலுக்குப் போய்விடும். அவற்றுக்கு ஆண்டு முழுவதும் விருந்து. எல்லாரும் ஒரே காலத்தில் நட்டு, ஒரே காலத்தில் அறுத்து, ஒரே காலத்தில் வயலைத் தரிசாக விட்டால், பூச்சிக்கு உண்ண ஒன்றும் இல்லாமல் போகும். ஆனால், ஒரே காலத்தில் நடக் கீழே இருப்பவனுக்கும் நீர் கிடைத்தாக வேண்டுமல்லவா? ஆகவே மேலே இருப்பவன் நீரை விடுகிறான். கீழே இருப்பவன் அவனோடு சேர்ந்து வயலைக் காயவிடுகிறான். ஒருவர் கையில் நீர், மற்றவர் கையில் பூச்சி. எல்லாரும் ஒரே நாளில் நட்டாலோ நீர் போதாது. எத்தனை சுபாக்குகள் ஒன்றாக நடுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதைக் கோயில்கள் வழிவழியாகக் கணித்து வந்தன.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. புதிய விதை, உரம், கடன் ஆகியவற்றோடு, முடிந்தவரை அடிக்கடி நடுங்கள் என்ற அறிவுரையும் வந்தது. கோயில் அட்டவணை மூடநம்பிக்கையாகத் தோன்றியிருக்க வேண்டும். சில ஆண்டுகளில் பூச்சியும் நீர்ப் பற்றாக்குறையும் தாங்க முடியாமல் போனது. லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து கணினியில் இதைச் சோதித்தபோது, அவரவர் விருப்பப்படி நடுவதையும் அனைவரும் ஒன்றாக நடுவதையும் விடக் கோயில் முறையே நல்ல விளைச்சலைத் தந்தது.

மதியம் ஜாத்திலுவியின் படிக்கட்டு வயல்களுக்கு எதிரே உணவு உண்டோம். 2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அதில் இடம்பெற்ற பகுதி இது. காலையில் பார்த்த தாமான் ஆயுனும் அதே பட்டியலில் உண்டு. சேர்த்ததற்கான கருத்து ‘திரி ஹித கரண’: இறை, மனிதர், நிலம் ஆகிய மூன்றோடும் இதமாக இருப்பதே நலத்திற்குக் காரணம். நம் ‘இதம்’தான் அந்த ஹித. வயலோரத்தில் ஒரு மரக்கட்டை. அதில் வெட்டிய வாய்களின் அகலத்திற்கேற்ப நீர் பங்காகப் பிரிந்து ஓடியது. காவலுக்கு யாரும் இல்லை. நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்து பங்கு பிரிப்பார் என்று படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க எனக்கு வாய்ப்பில்லை. என் தாத்தா காலத்திலேயே எங்கள் குடும்பம் வயலை விட்டுத் தேயிலைக்கு வந்துவிட்டது.

அங்கே அமர்ந்தபடி எங்கள் ஆற்றை நினைத்தேன். சுங்கை பெர்த்தாம் பிரிஞ்சாங் பக்கத்திலிருந்து இறங்கி, தானா ராத்தாவைக் கடந்து, ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணையில் நிற்கிறது. அணை 1963-இல் முடிந்தது. அங்கிருந்து நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் சென்று மின்சாரம் ஆகிறது. இயற்கையாக ஓடினால் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டிய நீர், மலாக்கா நீரிணைக்குப் போகிறது. எங்கள் ஆற்றின் கெலோடையே மனிதர்கள் மாற்றியிருக்கிறார்கள். அணைக்குக் கீழே இருப்பது லெம்பா பெர்த்தாம். சுருங்கச் சொன்னால், நாங்கள் கடைமடை.

2013 அக்டோபர் 23-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், கனமழையில் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் ஆறு கரை புரண்டது. வீடுகள் அழிந்தன; உயிர்கள் போயின. எனக்கு அப்போது வயது பத்து. அந்த இரவைப் பற்றி ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றவாளி உண்டு. நான் இங்கே சொல்ல வருவது வேறு. அணை ஏரியில் பல்லாண்டுகளாக மண் சேர்ந்து, நீர் நிற்கும் இடம் குறைந்திருந்தது. அம்மண், மேலே காடழித்த சரிவுகளிலிருந்தும் கட்டுமான இடங்களிலிருந்தும் காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வந்தது. என் தாய்மாமாவும் பிரிஞ்சாங்கில் கோசு போட்டவர்தான். விடுமுறைக்குப் போனால் நாங்களும் பாத்தி கொத்துவோம். அந்த மண் எங்கே போகும் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் பக்கம் திருவிழாவுக்குக் கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குத்தான் போவோம். ஆற்றைக் கும்பிடுகிறோம். ஆனால், மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் கூடி உட்கார அந்தக் கும்பிடு இதுவரை ஒரு காரணமாக ஆனதில்லை.

தானா லோட்டை அடைந்தபோது மணி ஐந்தரை. தானா நிலம், லோட் கடல். கெலோடில் இருக்கும் அதே லோட். பதினாறாம் நூற்றாண்டில் சாவகத்திலிருந்து வந்த நிரர்த்தா என்னும் குரு இக்கோயிலைத் தொடங்கி வைத்ததாக மரபு. அலை அரித்த பாறை 1980-களில் உதிரத் தொடங்கியதால், ஜப்பானிய நிதியுதவியுடன் செயற்கைப் பாறையால் அதை வலுப்படுத்தினர். இது தெரிந்த பின்பும் படம் அழகாகத்தான் வந்தது. அலை உள்வாங்கியிருந்ததால் பாறை அடிவாரம் வரை நடந்தோம். அங்கே கடலுக்கு நடுவில் உப்பில்லாத ஊற்று ஒன்று சுரக்கிறது. பூசகர் அந்நீரைத் தலையில் தெளித்து, நெற்றியில் அரிசியை ஒட்டினார்.

சூரியன் கடலில் இறங்கியது. நாங்கள் பார்த்த திசை மேற்கு. ‘மேல்’ என்று பெயர் வைத்த திசையில், கண்ணுக்கு எட்டிய வரை பள்ளமான கடல். மலையாளிகள் இத்திசையைப் படிஞ்ஞாறு, ஞாயிறு படும் இடம் என்கின்றனர். மலை கிழக்கில் இருக்கும் நாட்டில், குறைந்தது இந்த ஒரு சொல்லையாவது அவர்கள் புதிதாகப் பார்த்துச் செய்துகொண்டார்கள் போலும்.

“உங்கள் ஊரில் காஜா எந்தப் பக்கம்?” என்று பிளி கேட்டார். அணை இருக்கும் பக்கம் என்றேன். “அணையை ஒட்டி என்ன கோயில்?” என்று அடுத்த கேள்வி வந்தது. பாலியில் சிறு தடுப்பணைக்கும் ஒரு கோயில் உண்டு என்பதால் அவருக்கு அது இயல்பான கேள்விதான். சைரன் இருக்கிறது என்று சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. விளக்குவதற்குள் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. நெரிசலுக்கு முன் வேனை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அவர் வேகமாகப் படியேறிப் போனார்.