கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கிதானா?

போன செமஸ்டர் பரீட்சை வாரம். மீ கோரேங்கை வாயில் வைத்த இரண்டாவது நிமிடம், தாடைக்குக் கீழே கோலிக்குண்டு மாதிரி ஒரு வீக்கம். ஒரு மணி நேரத்தில் வற்றிவிட்டது. மறுநாளும் அதே கதை. வீட்டுக்குப் போன் போட்டால் பாட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பொன்னுக்கு வீங்கிடா. கழுத்துல தங்கச் சங்கிலி போட்டுக்க, மஞ்சள் அரைச்சுப் பூசு." சங்கிலி போட்டுக்கொண்டேன். மலாய்க்கார ரூம்மேட்டோ, அவர்கள் வீட்டில் 'பெகுக்' வந்தால் நீலமும் காடியும் பூசுவோம் என்றான்.

இரண்டு பேர் கணிப்பும் தப்பு. எனக்கு வந்தது உமிழ்நீர்க் கல்.

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று ஜோடி: காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில். இன்ஜினியரிங் படிக்கிறவன் கண்ணோடு பார்த்தால் தாடைச் சுரப்பியின் பைப்லைன் டிசைன் கொஞ்சம் மோசம். குழாய் நீளம், மேல்நோக்கி ஏறுகிறது, உள்ளே ஓடும் எச்சிலும் கெட்டி. அதனால்தான் பத்தில் எட்டுக் கற்கள் இங்கேயே உருவாகின்றன. சாப்பாடு வந்ததும் பம்ப் ஓடுகிறது, குழாயோ அடைத்திருக்கிறது. வீங்காமல் என்ன செய்யும்? தண்ணீர் குறைந்தால் எச்சில் இன்னும் கெட்டியாகும். விரத நாட்களில் தண்ணீரையும் சேர்த்துக் குறைக்கிறவர்கள் இதைக் கவனிக்கணும்.

சின்னக் கல் என்றால் நிறையத் தண்ணீர் குடித்து, புளிப்பு மிட்டாய் சப்பி, மெதுவாக நீவிவிட்டாலே வெளியேறலாம். பெரிய கல்லை டாக்டர்தான் எடுக்கணும். அப்படியே விட்டால் கிருமி புகுந்து சீழ் கட்டும், காய்ச்சல் வரும். அது நாக்கின் அடிப்பகுதிக்குப் பரவினால் மூச்சே அடைக்கலாம். விழுங்க முடியாமல், நாக்கு மேலே தள்ளினால் நேராக எமர்ஜென்சிதான்.

பொன்னுக்கு வீங்கி வேறு. அது வைரஸ். பெரும்பாலும் காய்ச்சலோடு தொடங்கி, காதுக்கு முன்னால் வீங்கும். சாப்பிட்டு முடித்ததும் வற்றாது. தொற்றும் என்பதால் வீக்கம் வந்து 5 நாள் தனியாக இருக்கணும். ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. பசங்க வெளியே சொல்லக் கூச்சப்படும் விஷயம் ஒன்று: பருவமடைந்த பிறகு, தடுப்பூசி போடாதவர்களுக்கு வந்தால் பத்தில் மூன்று ஆண்கள் வரை விரை வீக்கம் வரலாம். மலட்டுத்தன்மை அபூர்வம்தான், ஆனால் வலி சாதாரணமில்லை. மூளை உறை அழற்சியும் வரலாம். சிலருக்குக் காதும் கேட்காமல் போகலாம். மலேசியாவில் எம்.எம்.ஆர். ஊசி 9, 12 மாதங்களில் போடப்படுகிறது. உங்கள் பழைய ஊசி அட்டையை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று: வலியே இல்லாத கட்டி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தாலோ, முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ தள்ளிப்போடாதீர்கள். அது கட்டி நோயாகவும் இருக்கலாம்.

என் கல் அரிசி நொய் அளவுதான். டாக்டர் நாக்குக்கு அடியில் விரலால் அழுத்தித் தள்ளினார், வந்துவிட்டது. பாட்டியிடம் சொன்னேன். "சங்கிலி போட்டதாலதான் சீக்கிரம் வந்துச்சு" என்கிறார்.