சிறை நீங்கினோர்க்கு மருத்துவக் காப்பு

மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிய செய்தியைக் கூறுவது. அதனைக் கற்ற மாணவர்க்கு, நம் சென்னையிலும் அத்தகையதொரு மாற்றம் நிகழ்ந்தமை வியப்பளிக்கும். 1837-ஆம் ஆண்டு முதல் இன்றைய சென்ட்ரல் நிலையத்திற்கு அணித்தே நின்ற மத்திய சிறை 2006-இல் புழலுக்குப் பெயர்ந்தது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டபின் அந்நிலத்திற் சென்னை மருத்துவக் கல்லூரியின் புதுக்கட்டடம் எழுந்தது. சிறை நின்றவிடத்து மருத்துவம் குடிபுகுந்தது நன்றே. ஆயின், புழலினின்றும் விடுதலை பெற்று அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லித் தெருக்களுக்கு மீள்வோரோடு மருத்துவம் உடன் செல்கின்றதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

சிறைக்குள் இருக்குங்கால் ஒருவனது உடல்நலம் அரசின் பொறுப்பு. அங்கே மருத்துவர் உளர். நோய் மிகின் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் காவலோடு அனுப்புவர். 2015-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளுள் 24-ஆவது, காசநோய் முதலிய தொற்றுநோய்களுக்கும் போதைப் பழக்கத்திற்கும் நடைபெறும் சிகிச்சை இடையறாது தொடர்தல் வேண்டும் என்கின்றது. இடையறாமை என்னும் அவ்வொன்றே புழல் வாயிலில் அறுந்துபோவது.

காசநோய்க்குரிய மருந்தைப் பொதுவாக ஆறு திங்கள் உட்கொள்ளல் வேண்டும். இரண்டு திங்களில் இருமல் தணியும், உடல் தேறும், நோய் நீங்கிற்றென்றே நோயாளன் கருதுவான். அந்நிலையில் மருந்து நின்றால், எஞ்சிய கிருமிகள் அம்மருந்திற்கு அடங்காதனவாய்ப் பெருகுதலும், ஓரறையில் உடனுறங்கும் மனைவி மக்களைப் பற்றுதலும் கூடும். 1956-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் மருந்தாய்வு நிலையத்தார், வறியோர் தம் இல்லத்திலிருந்தே முறையாக மருந்துண்டாலும் மருத்துவமனையிற் கிடந்து பெறும் பயனையே எய்துவர் என்று 1959-இல் உலகிற்குக் காட்டினர். அங்ஙனமாயின், சுவருக்குள் தொடங்கியதைச் சுவருக்கு வெளியே தொடர்தற்கு மருத்துவ நூலில் யாதொரு தடையுமில்லை; தடை வேறிடத்து உளது.

விடுதலையின் முதல் நாட்களே இடர் மிக்கவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1999 முதல் 2003 வரை சிறை நீங்கிய முப்பதினாயிரவரைப் பற்றி 2007-இல் வெளிவந்த ஆய்வு, முதலிரு வாரங்களில் அவர்தம் இறப்பிடர் ஏனையோரினும் 12.7 மடங்கு மிகுந்திருந்ததென்று காட்டிற்று. போதைமருந்தின் மிகையே முதற்காரணம். அந்நாட்டு வறியோர்க்கான மெடிக்கெய்டு காப்பு, 1965-இல் தோன்றிய நாள்தொட்டே சிறையிலிருப்போரை விலக்கி வைத்தது. விடுதலைக்கு முந்திய தொண்ணூறு நாட்களிற் சில சிகிச்சைகளுக்கு அக்காப்பைத் தொடங்க, 2023 ஜனவரியிற் கலிபோர்னியா முதன்முதலாக இசைவு பெற்றது.

நம் நிலை வேறு. இங்கு அரசு மருத்துவமனையில் மாத்திரைக்கு விலையில்லை. ஆதலின் காப்பீடின்மையே குறையென அமெரிக்கரைப் பின்பற்றி எழுதுதல் நமக்குப் பொருந்தாது. பெருஞ்சிகிச்சைக்கோ, 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உளது. ஆனால் அது குடும்பத்தை அளவாகக் கொண்டது. குடும்ப அட்டையிற் பெயரும் வருமானச் சான்றும் வேண்டும். இல்லத்தார் ஏற்க மறுத்தவனுக்கு அட்டை ஏது? அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நிலையான வேலை வாய்ப்பின் இ.எஸ்.ஐ. மருத்துவம் கிட்டும். அவ்வாயிலிற் காவல்துறைச் சான்று கேட்பின், அவனுக்கு எஞ்சுவது நாட்கூலியே.

இவற்றினும் பெரியதோர் இடுக்கண் உண்டு. 2022 முடிவில் இந்தியச் சிறைகளிலிருந்த 5,73,220 பேருள் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். தண்டனை பெற்றவன் வெளிவரும் நாள் முன்னரே தெரியும். அதற்கு ஆயத்தம் செய்யலாம். விசாரணைக் கைதிக்கோ பூவிருந்தவல்லியிற் பிணையாணை பிறந்து, அது சிறையை எய்தியதும் கதவு திறக்கும். அப்பொழுது மாலையாயிருக்கலாம், மருத்துவர் இல்லாதிருக்கலாம். வீடு செல்லும் விரைவில் மாத்திரையை நினைப்பவர் யார்?

எனவே விடுதலை நாளில் அவசரமாக எழுதும் கடிதம் பயன்படாது. உட்புகுந்த நாள்தொட்டே நோய்க்குறிப்பேடு ஒன்று எழுதப்பெற்று வருதல் வேண்டும். கதவு திறக்கும் எந்நேரத்தும் அதனோடு ஒரு திங்களுக்குரிய மருந்தும், அவன் செல்லும் ஊரின் சுகாதார நிலையப் பெயரும் கையிற் சேர்தல் வேண்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் உடையார் இல்லந்தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கிற்று. அப்பணியாளரிடமும் அவன் பெயரைச் சேர்ப்பித்தல் அரிதன்று. மண்டேலா விதிகளுள் 108-ஆவது, விடுதலை பெற்றார்க்கு அடையாளச் சீட்டுகள் கிடைத்தலையும் வற்புறுத்துகின்றது. குடும்ப அட்டைக்குரிய விண்ணப்பத்தைச் சிறையிலேயே எழுதுவித்தல் அதனோடு ஒக்கும். ஒன்று மட்டும் மறத்தலாகாது: அக்குறிப்பேட்டின் மேலுறையிற் சிறையின் பெயர் அச்சிடப்பெறலாகாது, அஃது இருப்பின், மருந்து வாங்கும் வரிசையில் அதனை நீட்ட எவனும் கூசுவான்.